மச்சாண்டார் வரும் நேரம்

சிறுநீர்க் குழாயால் கிருமித் தொற்று வராமல் காப்பது எப்படி என்று எங்கள் ஐ.சி.யு. நர்சுகளுக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். எல்லாக் கேள்விக்கும் சரியாக எழுதியது நான் ஒருத்திதான். அடக்கமாக இருந்திருக்கலாம். எங்கே! விடைத்தாளை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மேசைமேல் விரித்துவைத்துவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

அடுத்த வாரமே மாட்டிக்கொண்டேன்.

ஏற்காட்டில் எங்களுடையது நான்கே கட்டில் உள்ள ஐ.சி.யு. நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற ஒரு அக்கா, காய்ச்சல் முற்றி, ரத்த அழுத்தம் விழுந்து வந்து சேர்ந்தார். மணிக்கொரு தரம் சிறுநீரை அளக்க வேண்டும் என்று குழாய் போட்டோம். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, சட்னியில் உப்புப் பத்தவில்லை என்று குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

நான்காம் நாள் மாலை, பார்வையாளர் நேரம். கட்டிலுக்குக் கீழே தொங்க வேண்டிய சிறுநீர்ப் பையைக் காணோம். போர்வையை விலக்கினால், இடுப்போடு அணைத்துப் படுக்கவைத்திருக்கிறார். எனக்கு வந்ததே கோபம்! பையை மேலே தூக்கினால் வெளியே வந்த சிறுநீர் திரும்ப உள்ளே போகும், கூடவே கிருமியும் போகும், மறுபடி காய்ச்சலில் விழ வேண்டியதுதான் என்று பொரிந்து தள்ளினேன். அவர் பையை விடவில்லை.

“எங்க மச்சாண்டாரு வர்ற நேரமுங்க சிஸ்டர். அவரு முன்னால நின்னு பேசுனதே கெடையாதுங்க. இதத் தொங்கவுட்டுட்டு எப்பிடீங்க படுத்திருக்கறது?”

மச்சாண்டார் என்றால் கணவரின் அண்ணன், குடும்பத்துக்கே பெரியவர். தினமும் நாலு மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கி, வாசலோரம் நின்று, தம்பியிடம் மட்டும் விசாரித்துவிட்டுப் போவார். அவர் வருகிற நேரமானதும் பை போர்வைக்குள் போயிருக்கிறது. என் பரீட்சைத் தாளில் மச்சாண்டாரைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

பையைக் கீழே மாட்டித் திரையை இழுத்துவிட்டேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. பரீட்சையில் முதல் கேள்வியின் விடையே, தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடு என்பதுதான். தினமும் நாங்கள் நிரப்புகிற தாளில் ‘இன்றைக்குக் குழாய் தேவையா?’ என்ற கட்டத்தில், முந்தின நாளைப் பார்த்து அப்படியே ‘ஆம்’ என்று டிக் போட்டது யார்? சாட்சாத் நானேதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னேன். காலையில் முதல் வேலையாக எடுத்துவிடுங்கள் என்றார்.

பத்து மணிக்கு எடுத்தேன். நாலு மணிக்குள் தானாகச் சிறுநீர் போக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் குழாய்தான். அக்கா தண்ணீராகக் குடித்தார். பன்னிரண்டு மணிக்கு ஒன்றுமில்லை, இரண்டு மணிக்கும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த, சர்ச்சுக்குப் போகிற அம்மா ஒருவர் அவருக்காக ஜெபமே செய்தார். மூன்றரை மணிக்கு அக்காவின் கண் கலங்கிவிட்டது. “மறுக்கா அந்தக் கொழாய் வேண்டாமுங்க” என்றார். எனக்கும் அழுகை வந்தது. கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு அழைத்துப்போய், அளவுக் குவளையை வைத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றேன்.

சத்தம் கேட்டது. இத்தனை வருஷ வேலையில் அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. குவளையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தலைகால் புரியவில்லை. முந்நூறு மில்லி போய்விட்டது என்று வார்டே அதிரக் கத்திக்கொண்டு திரும்பினால், எதிரே மச்சாண்டார்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். குவளை கையிலேயே இருக்கிறது. அக்கா என் முதுகுக்குப் பின்னால் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். பெரியவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், தம்பியைத் தேடினார். தம்பி டீ குடிக்கப் போயிருந்தார். வேறு வழியில்லாமல், எனக்குத் தெரிந்து அன்றுதான் முதல் தடவையாக, நேராக அக்காவிடமே கேட்டார்.

“அப்ப ஊட்டுக்கு எப்ப சாமி வர்றே?”