மரு என்று கட்டிய முடி

ஒரு குதிரைவால் முடி. அதை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு மதினி என் முன்னால் உட்கார்ந்திருந்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. மதினி, என் வீட்டுக்காரரின் அக்காள். அவளை ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

கயத்தாறு பக்கம் எங்கள் காட்டில் பருத்தி எடுக்கும்போது காய்ந்த பருத்திக்காய் ஓட்டின் நுனி என் ஆள்காட்டி விரலில் குத்தியது. சின்னக் குத்து, அன்றைக்கே மறந்துபோனேன். பத்து நாளில் அதே இடத்தில் மிளகளவு சிவப்பாக ஒன்று முளைத்தது. மூன்றாவது வாரம் சுண்டைக்காய் அளவு. வலி இல்லை, ஆனால் சேலை உரசினாலே ரத்தம் வரும். அப்போது என் மகளுக்கு நான்கு மாதம். தாய்ப்பால் தவிர வேறொன்றும் அறியாதவள்.

மதினிக்குத் தெரியாத வைத்தியம் ஊரில் கிடையாது. மரு என்று தீர்மானித்து, அது அறுந்து விழட்டும் என்று அந்தக் குதிரை முடியை அதில் சுற்றி இறுக்கினாள். ரத்தம் பீறிட்டுத் துண்டு முழுக்க நனைந்தது. தான் இறுக்கியதால் வந்தது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. “ஏட்டி, மருன்னா இப்படியா ரத்தம் கக்கும்? இது புத்துநோயாக்கும். பிள்ளைக்கு ஒட்டிக்கிடும்” என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவில் இருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றதற்கு, “கத்தி பட்டா உடம்பெல்லாம் பரவிரும்” என்றாள். என் வீட்டுக்காரர், “அக்கா விவரம் தெரிஞ்சவிய” என்றதோடு சரி. அவர் மீதும் கோபம்தான். அதைவிட, நம்பிப் பயந்து முடங்கிக் கிடந்த என் மீது. பால் கட்டி நெஞ்சு வலிக்கும். ஒரு மாதத்தில் பால் வற்றி அந்த வலியும் நின்றது.

அதன்பிறகுதான் யாரிடமும் சொல்லாமல் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். தோல் டாக்டர் அம்மா விரலைத் திருப்பிப் பார்த்து, எப்போது குத்தியது, எத்தனை வாரத்தில் வளர்ந்தது என்று கேட்டார். “ரத்தக்குழாய்க வேகமா வளந்து வர்ற கட்டிம்மா. சின்னக் காயத்துக்குப் பெறவு சிலருக்கு வரும். புத்தும் இல்ல, ஒட்டவும் ஒட்டாது. ஆனாலும் கண்ணால பாத்ததோட விடக்கூடாது, எடுத்துச் சோதனைக்கு அனுப்புவோம்” என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, சுரண்டி எடுத்து, அடியைச் சுட்டுவிட்டார். கால் மணி நேரம் ஆகவில்லை. சோதனை முடிவும் அவர் சொன்னபடியே வந்தது. எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் பொங்கியது.

முடிவுச் சீட்டைக் காட்டி மகளை வாங்கி மார்போடு அணைத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு புட்டிக்கு அழுதாள். கட்டி போய்விட்டது. எவ்வளவோ பார்த்தும் பால் திரும்பவில்லை.

போன மாதம் மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் எல்லார் முன்னாலும் மதினி வழக்கம்போல ஆரம்பித்தாள்: “இவள நாந்தான புட்டிப்பால் குடுத்து வளத்தேன்!” ஐந்து வருஷமாக இதற்குச் சிரித்து மழுப்பியவள் நான். அன்று முடியவில்லை.

“ஆமா மதினி, குடுத்திய. அவ பசியில அழுதப்ப, அடுத்த தெருவுல நான் பாலப் பீய்ச்சித் தரையில விட்டுக்கிட்டுக் கெடந்தேன்.”