டிஃபன் மணிக்கு வந்த அப்பா

நனைந்த குதிரையின் வாடை... அதோடு பழைய தோல் இருக்கையின் புழுக்கம். கல்கத்தாவில் பள்ளிக்கூடம் போன நாட்கள் எனக்கு முதலில் மூக்கில்தான் திரும்பி வருகின்றன.

பெண்களை ஏற்றிப்போகும் மூடுவண்டி அது. பவானிபூரில் நான் ஏறும்போது உள்ளே பத்துப் பேர் இருப்பார்கள். பத்துப் பேரும் வங்காளத்தில் பேசிச் சிரித்துக்கொண்டு வருவார்கள். நான் ஜன்னல் இடுக்கு வழியாக டிராம் கம்பிகளைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. முந்தைய வருஷம்தான் அம்மா டைபாய்டில் போயிருந்தாள். "பொண்ணை ஊருக்கு அனுப்பு, கல்யாணத்தைப் பார்க்கலாம்" என்று திருச்சியிலிருந்து பெரியப்பா கடிதம் மேல் கடிதம் போட்டார். அப்பா பதில் எழுதவில்லை. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்.

வங்காள டிக்டேஷனில் எனக்குப் பூஜ்யம். வாய் திறந்தால் கிளாஸே சிரிக்கும். டிஃபன் நேரத்தில் ஒருத்தியும் பக்கத்தில் உட்கார மாட்டாள். ஒரு நாள் சாயங்காலம் அடக்க முடியாமல் அப்பாவிடம் அழுதுவிட்டேன்.

மறுநாள் ஒரு மணிக்குப் பள்ளி வாசலில் அப்பா நின்றார். தலைப்பாகை, மூடிய கோட்டு, கையில் டிஃபன் டப்பா. அவர் ஆபீஸ் பத்து நிமிஷ நடைதான். தலைமையாசிரியையிடம் அனுமதியும் வாங்கியிருந்தார்.

"இனிமே தெனமும் வரேம்மா. சேர்ந்தே சாப்பிடலாம்."

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல் பெஞ்சு. வெயில், மழை எதற்கும் அவர் வராமல் இருந்ததில்லை. தயிர்சாதம் சாப்பிட்டபடி ஆபீஸ் கதை சொல்வார். தாமே சிரிப்பார். எனக்கு முதல் மாதம் சொர்க்கமாக இருந்தது.

பிறகுதான் கவனித்தேன். பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் எந்தப் பெண்ணும் வர மாட்டாள். மற்றவர்கள் மாமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நான் கேட்டோரமாக, அப்பாவோடு.

ஆறு மாதம் போயிருக்கும். ஹேமலதா என்று ஒரு பெண். வண்டியிலிருந்து இறங்கும்போது என் முந்தானையைப் பிடித்து வங்காளத்தில் கேட்டாள். "அம்மா எலந்தப்பழ ஊறுகாய் குடுத்திருக்கா. உனக்குத் தரலாம்னு பாத்தா, உன் பாபா எப்பவும் கூடவே இருக்காரே?"

அன்று பெஞ்சில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன்.

"அப்பா... நாளைலேர்ந்து வர வேணாம்ப்பா."

"ஏம்மா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லப்பா. நீங்க இருந்தா யாரும் எங்கிட்ட வர மாட்டேங்கறாங்க."

டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். "அட, எனக்குத் தோணவே இல்லியே," என்றார். "நல்ல வேள சொன்ன." என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார். கேட்டைத் தாண்டியதும் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

மறுநாள் ஹேமலதா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊறுகாய் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாரம் முழுக்க என் கண் கேட்டிலேயே இருந்தது. வங்காளம் மெதுவாக வந்தது. சிநேகிதிகளும் வந்தார்கள்.

அப்பா காலமானபோது அவரோடு வேலை பார்த்த கோஷ் பாபு துக்கம் கேட்க வந்தார். அதற்குள் எனக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள்.

"பதினெட்டு வருஷம் பக்கத்து மேஜைம்மா," என்றார். "டிஃபன் நேரத்துல அவர் யாரோடயும் சேர மாட்டார். எங்க பாஷை அவருக்குச் சரியா வரல, கூச்சம். சுவத்தப் பாத்து உக்காந்து சாப்பிடுவார். நடுவுல ஒரு ஆறு மாசம்தான், மணி ஒண்ணாச்சுன்னா குழந்தை மாதிரி ஓடுவார். எங்க போறீங்கன்னு கேட்டா, 'பொண்ணு தனியா இருக்கா'ம்பார்."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இப்போது கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் நம் தமிழர்கள் நிறைய. பிள்ளைகளுக்குப் பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை. பாடத்துக்கு ஒரு வாத்தியார், பள்ளிக்கூட வாசலில் தாய்மார் கூட்டம். பிள்ளைகள் விஷயத்தில் எவ்வளவு தலையிடலாம் என்று போன மாதம் நம் மாதர் சங்கத்தில் பேச்சு வந்தபோது நான் வாயே திறக்கவில்லை. அதனால்தான் சங்கத்துச் சிநேகிதிகளே, உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

என் பெண்ணுக்கு இப்போது பதினான்கு. போன வாரம் பள்ளியிலிருந்து அழுது முகம் வீங்கி வந்தாள். டீச்சரைப் பார்க்கிறேன் என்று புடவை மாற்றக் கிளம்பினேன். "நீ வராதம்மா, நானே பேசிக்கறேன்," என்றாள். புடவையை மடித்து வைத்தேன்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனாள். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் வந்து நடந்ததில் பாதியைச் சொன்னாள்.

மீதியை நான் கேட்கவில்லை.