பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர்

போன செவ்வாய்க்கிழமை காலை, திருவொற்றியூர் ஹைரோட்டில் ஸ்கூட்டரோடு விழுந்தேன். பெரிய சேதமில்லை... இடது முழங்கால், கொஞ்சம் மானம்.

இன்ஷூரன்ஸ்காரர் ஏ.ஆர். காப்பி கேட்டார். அடிதடி, விபத்து என்று யார் வந்தாலும் அரசு மருத்துவமனையில் டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவாரே — ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் — அதன் நகல். மணலி ரிஃபைனரிக்குப் போகும் டேங்கர் லாரி உரசிவிட்டது என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். இந்தப் பக்கம் அதை யார் சந்தேகப்படுவார்கள்? டாக்டரிடமும் அதையே சொல்ல ஒத்திகை பார்த்தபடி அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது. கூட வந்தவள் அவளை "அண்ணி" என்றாள். புருஷனின் தங்கை! காவலுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். சீரியல் பார்த்துக் கெட்ட புத்தி.

"எப்படிம்மா அடிபட்டது?" என்றார் டாக்டர். சின்னப் பெண்தான், இருபத்தாறு வயதுகூட இருக்காது.

"பாத்ரூம்ல வயுக்கி வியுந்துட்டேன்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விழும்போது கையைத்தான் ஊணுவோம். உள்ளங்கைல சிராய்ப்பே இல்லையே? முன்கை வெளிப்பக்கம்தான் கன்னிப்போயிருக்கு. முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினா இங்கதான் அடி விழும். இந்த நீலம் புதுசு. இந்த மஞ்சள் பழசு... அன்னிக்கும் வழுக்கிட்டீங்களா?"

குரலில் அதட்டல் இல்லை.

தடயவியல் மருத்துவம் என்றாலே நமக்கு மார்ச்சுவரிதான் ஞாபகம் வரும். செத்தவர்களிடம் பாடம் படித்து வளர்ந்த துறைதான். எந்தக் காயம் எப்படி வந்தது, எத்தனை நாள் ஆனது என்று தலைமுறை தலைமுறையாக டாக்டர்கள் பார்த்து எழுதி வைத்தார்கள். ஆனால் உயிரோடு வருகிறவளுக்கு? முன்பெல்லாம் பல இடங்களில் போலீஸ் மெமோ இருந்தால்தான் தொட்டே பார்ப்பார்கள். புருஷன் மேல் மெமோ வாங்க எத்தனை பெண்கள் ஸ்டேஷன் படி ஏறுவார்கள்? இன்று நேராக வரலாம். இந்த ஒரு மாற்றம் வருவதற்குள் எத்தனை பேர் வழுக்கி விழுந்தார்களோ!

"நீங்க சொல்றதை எழுதுவேன். நான் பார்த்ததையும் எழுதுவேன். போலீஸுக்கும் தகவல் போகும்," என்றார் டாக்டர். "ரெண்டும் ஒத்துப்போகலைனா, நாளைக்குக் கோர்ட்ல உங்களைத்தான் பொய்க்காரினு சொல்வாங்க."

"ரெண்டு புள்ளைங்க கீதுங்க டாக்டர்..."

"புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்," என்றாள் நாத்தனார். "எங்கண்ணன்னு நானே பாக்கல, நீ இன்னாத்துக்கு அண்ணி பாக்குற? சொல்லு!"

எனக்குச் சுருக்கென்றது. காவல் என்று நான் நினைத்தவள்தான் அவளைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறாள்.

பிறகு அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு அடிச்சாரு டாக்டர். எய்திக்கோங்க."

நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து நான். "உங்களுக்கு எப்படி சார்?"

டேங்கர் லாரி தொண்டை வரை வந்து நின்றது.

"போன் பார்த்துக்கிட்டே ஓட்டினேன் டாக்டர். யாரும் இடிக்கல."

அப்படியே எழுதிக்கொண்டார். மனைவிக்கு இன்னும் தெரியாது — இந்தப் பத்தியைப் படிக்கும்வரை!