எடில்மா நிறம் மாற்றிய புள்ளிகள்

எடில்மா ரென்டெரியா எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கொசு அறுப்பவர். அத்ராத்தோ ஆற்றங்கரை ஊர்களில் பிடித்த கொசுக்களை நுண்ணோக்கியில் வைத்துப் பிரிப்பார், மரபணுவையும் எடுத்துக் கொடுப்பார். அதைக் கணினியில் ஆராய்வது மட்டும் வெளிநாட்டில். முடிவு வர எட்டு மாதம்.

"நம்ம கொசுவப் பத்தி நமக்குத்தான் கடைசியாத் தெரியுது" என்று அலுத்துக்கொள்வார்.

அந்த ஆராய்ச்சியைச் செய்யும் டாக்டர் இங்க்ரித், எங்கள் ஊரான கிப்தோவுக்கே வந்து இரண்டு வாரம் அந்தக் கணினி வேலையைக் கற்றுத்தரப் போவதாகச் சொன்னதும் எடில்மா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். வயது நாற்பத்தொன்பது. அவரோடு வேலை செய்யும் என்னைத் தவிர மற்றவர்கள் எல்லாம் ஆராய்ச்சி மாணவர்கள்.

முதல் நாள் அவர் கணினிக்கு எழுதிய கட்டளையில் ஒரு கமா விட்டுப்போய், திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. பின்னால் இருந்த மாணவன் யெய்லர் சிரித்தான்.

"அக்கா, இது கொசு இல்ல, தட்டுனா விழுறதுக்கு!"

"நான் என்னைக்குடா கொசுவத் தட்டுனேன்? முழுசாப் பிடிச்சாத்தான் எனக்குச் சம்பளம்."

கமாவை அவரே கண்டுபிடித்தார், நாற்பது நிமிடத்தில். சாப்பிட எழவே இல்லை. வறுத்த வாழைக்காயும் சீஸும் வாங்கிவந்து பக்கத்தில் வைத்தேன்.

பத்தாம் நாள் எங்கள் கொசுக்களின் தரவையே எடுத்தோம். ஒவ்வொரு கொசுவும் திரையில் ஒரு புள்ளி. மரபணு ஒத்துப்போனால் புள்ளிகள் ஒட்டி நிற்கும். இரண்டு கூட்டமாகப் பளிச்சென்று பிரிந்து நின்றன. டாக்டர் பூரித்துப்போனார்.

"எல்லா ஊர்லயும் ரெண்டு வகைக் கொசு கலந்து இருக்கு! இது பெரிய விஷயம்ப்பா."

எல்லோரும் கைதட்டினோம். எடில்மா தன் குறிப்பேட்டைப் புரட்டி, தேதிகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினார். மரபணு பிரித்தெடுத்த தேதிப்படி புள்ளிகளுக்கு நிறம் கொடுத்தார். ஒரு கூட்டம் முழுக்க நீலம், மற்றது முழுக்க மஞ்சள்.

"டாக்டர், நீலம் மார்ச்சுல செஞ்சது. மஞ்சள் ஜூன்ல, புது ரசாயனப் பெட்டி வந்தப்புறம். ரெண்டும் நான் செஞ்சதுதான். கொசு வேற இல்ல, ரசாயனந்தான் வேற."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எடில்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்படிப் பண்ணீங்க? இன்னொரு தடவ காட்டுங்க."

எல்லாக் கொசுக்களையும் ஒரே ரசாயனத்தில் மறுபடி செய்ய மூன்று மாதம் பிடித்தது. இரண்டு கூட்டமும் ஒன்றாகிவிட்டது. ஆனால் அதுவரை கண்ணில் படாத ஒன்று வெளியே வந்தது: ஆற்றின் மேல்பகுதியில் ஒரே ஓர் ஊர்க் கொசுக்கள் மட்டும், அங்கே அடிக்கும் மருந்தைத் தாங்கிக்கொள்ளும் மரபணு மாற்றத்தோடு இருந்தன.

மருந்தை மாற்றினார்கள். படகேறிப் போய்ச் சொன்னதும் எடில்மாதான்.

"உங்க ஊர்க் கொசுவுக்கு அந்த மருந்து உறைக்கல. வேற கொண்டாந்திருக்கோம்."

துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள். "அத ரெண்டு வருஷமா நாங்க கத்திக்கிட்டுத்தானே இருக்கோம்!"

"கத்துனீங்க, யாரும் கேக்கல" என்றார் எடில்மா. "இப்போ கணக்கும் அதையே சொல்லுது. இனி கேட்டுத்தானே ஆகணும்."