சூசை கேட்ட லத்தீன்

சூசை இறந்த செய்தியை அவன் மைத்துனன் பிச்சை தக்கலையிலுள்ள என் அலுவலகத்துக்கே வந்து சொன்னான். "அத்தான் போயிட்டாரு சாரே. கடைசி ஜெபம் சொல்ல சாமியாரு வந்து சேரல்ல. ஒரு வார்த்தை லத்தீன் கேக்காமப் போனாருன்னு அக்கா சோறு தின்னாமக் கெடக்கா." அந்த அக்காவுக்காகவே இதை எழுதுகிறேன். அவர்கள் ஊரான முட்டத்தில் யாராவது அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அரசாங்கத்துக்காக நம் கடல் மீன்களைப் பட்டியலிடுவது என் வேலை. சூசை கட்டுமரத்தில் போய்ப் பிடித்து வருவான். நான் மருந்துத் தண்ணீரில் போட்டு, சாடியில் லத்தீன் பெயரை ஒட்டுவேன். முதல் பெயரை நான் உரக்கப் படித்ததும், கோயிலில் நிற்பவனைப்போலத் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டான்.

"சாரே, இது பூசைப் பாசையில்லா! மீனுக்கு எப்பம் ஞானஸ்நானம் குடுத்தீரு?"

கரையே சிரித்தது. எனக்கு எரிச்சல். எந்த நாட்டுக்காரனுக்கும் ஒரே பெயர் வேண்டும், அதற்காகத்தான் என்றேன். "எங்க பூசையும் அப்பிடித்தான்" என்றான். அதன்பின் பெயர் ஒட்டிய சாடியின் முன்னால் பீடி பற்றவைத்ததில்லை. மூடத்தனம் என்று திட்டினேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவனைக் கடைசியாக வீட்டில் பார்க்கப் போனது ஒரு மத்தியானம். நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. சாமியார் வேறு ஊருக்குப் போயிருந்தார். அவரைத் தேடி மனைவி நடந்தே போயிருந்தார். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

"சாரே, உமக்கு லத்தீன் தெரியுமில்லா. சொல்லும்."

"எனக்கு ஜெபம் தெரியாது சூசை. மீன் பேருதான் தெரியும்."

"அதைச் சொல்லும்."

சொன்னேன். "சார்டினெல்லா."

"சாளை" என்று அந்த மீனின் ஊர்ப்பெயரைச் சொன்னான். கோயிலில் சாமியார் புனிதர் பெயரைச் சொல்லச் சொல்லச் சனங்கள் பதில் பாடுவார்களே, அதே ராகம்.

"ராஸ்ட்ரெல்லிகர்."

"அயலை."

ஒன்றைப் பதற்றத்தில் இரண்டாம் முறை சொல்லிவிட்டேன். கண்ணைத் திறக்காமலே, "அது முன்னமே வந்தாச்சு சாரே" என்றான். பிறகு பதில்கள் தேய்ந்தன. தூங்கிவிட்டான் என்று நினைத்துப் பஸ்ஸுக்குப் புறப்பட்டேன்.

அம்மா, மீன் பெயர் ஜெபமாகாது. ஆறுதலுக்காகக்கூட அப்படிச் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் கணவர் லத்தீன் கேட்காமல் போகவில்லை. கேட்டார், பதிலும் சொன்னார். எழுந்து சாப்பிடுங்கள்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். புதிய சாடியில் பெயரைப் படித்ததும் அடுத்ததை எடுக்காமல் சற்று நிற்கிறேன். எதற்கும் காத்திருக்கத் தெரியாதவன் நான். இருந்தும் நிற்கிறேன்.