நகரு, கல்லை மறைக்காதே

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று பலர் கார்டு போட்டிருந்தீர்கள். என் மனைவி சாரதா போய்விட்டாள். மூன்றே நாள் காய்ச்சல்... அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு போட்டோ வேண்டுமென்றார்கள். வீட்டில் இருந்தது அவளுடைய பாஸ்போர்ட் போட்டோ. அதில் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பவள் மாதிரி முழிப்பாள். கல்யாண ஆல்பத்தில் இருப்பதோ பத்தொன்பது வயதுப் பெண். முப்பது வருஷம் என்னோடு இருந்த சாரதா எங்கே?

அப்போதுதான் பீரோவில் கழுவாமல் கிடந்த மால்டா ஃபிலிம் ரோல் ஞாபகம் வந்தது.

எங்கள் மகன் கம்ப்யூட்டர் வேலையாக மால்டாவில் ஆறு மாதம் இருந்தான். மத்தியதரைக் கடலில் ஒரு சின்னத் தீவு. கூப்பிட்டான், போனோம். ஒருநாள் அவன் ஆபீஸ் கிளம்பியதும் நாங்கள் இருவரும் பஸ் பிடித்துக் கற்கோயில்களைப் பார்க்கப் போனோம். எகிப்து பிரமிடுகளுக்கும் முந்தியவையாம். ஆளை விட உயரமான கற்கள். கூரை இல்லை, சாமியும் இல்லை.

டிக்கெட் வாங்கித் திரும்பினால், இவள் செருப்பைக் கழற்றி வாசலோரம் வைத்திருந்தாள்.

"இது மியூசியம் மாதிரி. மாட்டிக்கோ, கால் சுடும்."

"கோயில்னுதானே கூட்டிட்டு வந்தீங்க?"

"எந்த சாமின்னு அவங்களுக்கே தெரியாதாம். போர்டுல போட்டிருக்கான்."

"தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?"

டிக்கெட் கொடுத்த பெண்மணி "மேடம், யுவர் ஷூஸ்!" என்று பின்னாலேயே ஓடிவந்தாள். இவள் அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கொதிக்கிற கல்லில் நுனிக்காலால் நடந்து உள்ளே போனாள். எனக்கு மானம் போனது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

நான் கேமராவும் கையுமாக மும்முரமாக இருந்தேன். அவள் ஆசையாக ஒவ்வொரு கல்லின் பக்கத்திலும் போய் நிற்பாள். "நகரு சாரதா, கல்லை மறைக்காதே. ஃபிலிம் வேஸ்ட்." நகர்ந்துகொள்வாள்.

ஊர் திரும்பியதும் "ரோல் கழுவியாச்சா?" என்று எத்தனை தடவை கேட்டாள்! இரண்டு படம் பாக்கி இருந்தது. முடிக்காமல் கழுவ யாருக்கு மனசு வரும்? உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ரோல் இருக்கும்தானே? எட்டு மாதமாக அந்த இரண்டு படத்துக்கு ஏற்ற விசேஷம் வரவில்லை. மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டு கேட் பக்கத்தில் அவளை நிறுத்தி இரண்டு க்ளிக் பண்ணியிருக்கலாம்... தோன்றவில்லை.

போன வாரம் ரோலை சிவாஜிநகர் ஸ்டுடியோவில் கொடுத்தேன். எதற்கு என்றும் சொல்லியிருந்தேன். மறுநாள் போனபோது ஸ்டுடியோக்காரர் கவரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஸ்வல்ப... கொஞ்சம் உக்காருங்க சார். மூணு தடவ பாத்துட்டேன். எல்லாம் கல்லுதான். மேடம் எதுலயும் இல்ல."

வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அருமையான கற்கள். என்ன ஃபோகஸ், என்ன வெளிச்சம்! கடைசிப் படத்தில் கோயில் வாசல். அதன் ஓரத்தில், ஒழுங்காகச் சேர்த்து வைத்த ஒரு ஜோடி பிரவுன் செருப்பு.

"இன்னும் ரெண்டு படம் எடுத்திருக்கலாமே சார், காலியா இருக்கு" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

முழிக்கிற சாரதாவைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம்.

ஐயாயிரம் வருஷமாக நிற்கிற கல். அவள் ஒரு போட்டோவுக்கு நின்றிருந்தால், அது எழுந்து ஓடியா போயிருக்கும்?