வடக்கே போன கன்னுக்குட்டி

எல்லையில் சண்டை தொடங்கிய அந்த வாரம், எங்கள் வானொலி நிலையத்தில் சிரிப்பு நின்றுபோனது. நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் ஒரு பழைய குவார்ட்டர்ஸில் இரண்டு அறைகளில் நடக்கிற சமுதாய வானொலி அது. சுற்றியிருக்கிற கிராமங்களைத் தாண்டிக் கேட்காது. கணவரை அனல் மின் நிலைய ஷிப்டுக்கு அனுப்பிவிட்டு நான் போய், வீட்டில் இருக்கும் பெண்களுக்கான நிகழ்ச்சியை நடத்துவேன். போன் செய்வார்கள், நாலு வார்த்தை பேசுவார்கள், ஒரு பாட்டுக் கேட்பார்கள்.

அன்று போனதும் நிலையப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நாம பேசுறதையெல்லாம் யாரோ கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டுப் பேசுங்க" என்றார்.

"கேக்கத்தானே சார் பேசுறோம்?"

அவர் சிரிக்கவில்லை. மின் நிலையம், மைன்ஸ், ஷிப்ட் நேரம் எதுவும் வாயில் வரக்கூடாது. யார் வீட்டுப் பிள்ளை பட்டாளத்தில் எங்கே இருக்கிறான் என்ற பேச்சு கூடவே கூடாது. போன் வரும்போது தானும் பக்கத்தில் இருந்து, இணைப்பைத் துண்டிக்கும் பட்டனில் கை வைத்திருப்பதாகச் சொன்னார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஊரே அப்படித்தான் இருந்தது. காலையில் டீக்கடை வாசலில் வடநாட்டு கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர் இந்தியில் போன் பேசிக்கொண்டிருந்தார். நாலு பேர் அவரைச் சூழ்ந்து யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டார்கள். அம்மாவிடம் என்று போனையே நீட்டினார். நானும் வண்டியை நிறுத்தி அவர் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

தில்லிச் செய்தியை அப்படியே ஒலிபரப்பிவிட்டு நிகழ்ச்சியைத் தொடங்கினோம். முதலில் பேசிய பெண் அரிசி, பருப்பு வாங்கி வைக்கட்டுமா என்று கேட்டார். அடுத்தவர், நம்ம ஊர்மேல் குண்டு விழுமாமே என்றார். வதந்தியை நம்பாதீர்கள் என்று எழுதிக் கொடுத்ததை வாசித்தேன். மூன்றாவதாக வந்தது எனக்குத் தெரிந்த குரல். கம்மாபுரம் பக்கத்து அம்மா. வாரம் தவறாமல் பேசுகிறவர்.

"ஏம்மா, ஒரு சேதி சொல்லிக்கிறேன். வடக்கே போன கன்னுக்குட்டி நல்லா இருக்குது. மேஞ்சுகினு இருக்குது. கேக்குறவங்களுக்குத் தெரியும். அப்புறம் அந்தத் தாலாட்டுப் பாட்டு..."

பொறுப்பாளர் பட்டனை அழுத்திவிட்டார். நான் ஏதோ சமாளித்துப் பாட்டைப் போட்டேன்.

"கன்னுக்குட்டி எதுக்கு வடக்கே போவுது?" என்றார் அவர், மெதுவாக.

பழைய நிகழ்ச்சிகள் கம்ப்யூட்டரில் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். ஒரு வாரம், மாமரம் பூத்திருக்கிறது. இன்னொரு வாரம், வெள்ளாடு இரை எடுக்கவில்லை. பிறகொரு வாரம், கொல்லையில் நடமாட்டம், கதவைச் சாத்திக்கொள்ளவும். கடைசியில் எப்போதும் அந்த ஒரே வாக்கியம்: கேக்குறவங்களுக்குத் தெரியும். இத்தனை நாள் அதைக் கிராமத்துப் பேச்சு என்று ரசித்தவள் நான். இப்போது ஒவ்வொரு சொல்லையும் தாளில் எழுதிக்கொண்டேன். அந்தக் குரல் எதையோ வாசிப்பதுபோலக் கூட இருந்தது.

போலீசுக்குச் சொல்வதற்குமுன் விலாசமாவது கேட்போம் என்று அந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு ஆண் எடுத்தார்.

"யாரு? எதுக்கு அவளைக் கேக்குற? யார் பேசச் சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார். பொறுப்பாளர் அந்த நம்பர் இனி உள்ளே வராதபடி தடுத்துவிட்டு, சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று சொல்லிச் சாப்பிடப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் போன் அடித்தது. வேறு நம்பர், அதே அம்மா.

"நீதானாம்மா வூட்டுக்குப் போன் போட்டது? எங்க வூட்டுக்காரரு சந்தேகப்பட்டுக் குதிக்கிறாரு. பக்கத்து வூட்டுப் போன்லேர்ந்து பேசுறேன்."

அழுதுகொண்டே சொன்னார். மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு டவுன்ஷிப்பில் இருக்கிறாள். சித்தப்பாமார் மிரட்டியதில் நம்பரையும் மாற்றிவிட்டாள். ஒருமுறை ஞாயிற்றுச் சந்தையில் பார்த்தபோது, அம்மாவும் மகளும் இந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள். அம்மா போன் பேசினால் அப்பா பக்கத்தில் இருந்தே கேட்பார். ஆடு மாடு என்றால் அவருக்குச் சந்தேகம் வராது. கன்னுக்குட்டி என்றால் மகன். பட்டாளத்தில் இருக்கிறான். அன்று விடியற்காலையில்தான் பேசியிருக்கிறான்.

"பாதியில கட்டாயிட்டுது. அவளுக்கு முழுசா கேட்டுச்சோ என்னமோ. தம்பின்னா உசுரு அவளுக்கு" என்று, போய்ச் சொல்லிவிடும்படி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மகள் வீடு எது என்பதையும் சொன்னார்.

எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அழுகையை யாரும் பழகிக்கொள்ளலாம். போய்ப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்றுதான் வண்டியை எடுத்தேன்.

கதவு திறந்தது. கிரில் திறக்கவில்லை. பூட்டுக்குப் பின்னால் இளம்பெண் ஒருத்தி. உள்ளே எங்கள் வானொலிதான் பாடிக்கொண்டிருந்தது.

"யார் அனுப்பினது உங்கள?"

"உங்க அம்மா. நான் ரேடியோவுல பேசுறவ."

"எங்க அம்மா யாரையும் அனுப்ப மாட்டாங்க. எங்க சித்தப்பா வண்டி தெருமுனையில நிக்குதா?"

அவள் என் தோளுக்கு மேல் தெருவைப் பார்த்தாள். நான் நிகழ்ச்சியில் வழக்கமாகச் சொல்கிற வணக்கத்தை, மைக்கில் பேசுகிற குரலிலேயே சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் இளகியது. பூட்டு அப்படியே இருந்தது.

"கன்னுக்குட்டி நல்லா இருக்குன்னு சொல்லச் சொன்னாங்க" என்றேன்.

"அது கேட்டுச்சு. அடுத்தது ஏதோ சொல்ல வந்தாங்க, அதுக்குள்ள எங்க ரேடியோ கொரகொரன்னு ஆயிடுச்சு. மேயுதுன்னு சொன்னாங்களா, கட்டியிருக்குன்னு சொன்னாங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

"ரெண்டுக்கும் என்ன?"

"கட்டியிருக்குன்னா ஆஸ்பத்திரியில இருக்கான்."

"மேஞ்சுகினு இருக்குதுன்னாங்க" என்றேன். "என் காதால கேட்டேன்."

அவள் கிரில் கம்பியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நானும் வெளியே படியில் உட்கார்ந்தேன். பிறகு அவள், "இனிமே இங்க வராதீங்க, யாராவது பார்த்துக்கிட்டே இருப்பாங்க" என்றாள்.

நிலையத்துக்கு வந்து பொறுப்பாளரிடம் குடும்ப விஷயம் என்று மட்டும் சொன்னேன். பெண்ணின் வீட்டைச் சொல்லவில்லை. எப்படித் தெரியும், யாரைப் பார்த்தீர்கள் என்று அவர் துருவினார். நானே பொறுப்பேற்றுக்கொள்கிறேன் என்றதும் ஸ்டேஷனுக்குப் போகாமல் விட்டார். ஆனால் அன்றிலிருந்து அவருடைய சந்தேகம் என்மேல் திரும்பியது. நான் மைக் முன்னால் இருக்கும் நேரமெல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் வாயையே பார்ப்பார்.

சண்டை நின்றது. நான் பல முறை கேட்ட பிறகுதான் பொறுப்பாளர் அந்த அம்மாவின் நம்பரைத் திறந்துவிட்டார். சில வாரங்கள் கழித்து அந்த அம்மா பேசினார்.

"எம் புள்ளை லீவுல வந்துட்டான்மா. நேத்து அவங்க அக்கா வூட்டுக்குப் போயி சாப்ட்டுட்டு வந்தான். அவங்கப்பா எங்கடா போனன்னு கேட்டாரு. அக்கா வூட்டுக்குன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான். அவரு ஒண்ணும் பேசல."

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். அக்கா என்றால் என்ன அர்த்தம் என்று சைகையால் கேட்டார். அக்காதான் சார், என்றேன்.